பன்னிரண்டு மந்திரித்த மெழுகுதிரிகள்

வேதவாக்கைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். ஒரு தகுதியும் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பூசையில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லித் தப்பிக்கிறவள் நான். வெளியூரில் பிழைக்கிறவர்களும் நம் பங்கின் திருவிழா மலருக்கு எழுதி அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்தபோது, தாராவியிலிருந்து எழுதப்போகும் ஆள் நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை. சாமியார்களும் கன்னியர்களும் வாசிக்கிற மலர் இது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால், அது கைதவறி விழுந்தது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதக் கடைசியில் இந்த ஊரில் ஆட்கள் எல்லாம் கூரைமேல் நிற்பார்கள். கையில் நீல நிறத் தார்ப்பாய். இங்கே அதற்குத் தாட்பத்ரி என்று பெயர். தகரத்தின்மேல் அதை விரித்து, கயிறு கட்டி, காற்றில் பறக்காமல் இருக்க ஓட்டை டயரும் செங்கலும் தூக்கி வைப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருடம் எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் மழைக்கு ஏங்குவோம். மழை கேட்டு மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வெறுங்காலோடு சுற்றி வந்தவள் நான். இங்கே மழை வருகிறது என்றால் பகைவன் வருகிற மாதிரி ஏற்பாடு செய்கிறார்கள். எதிர்வீட்டு மராத்திக்காரி சுனந்தா தாய், இவர்கள் பேச்சில் தாய் என்றால் அக்கா, என்னைப் பார்த்து, “தயாரி ஜாலி கா?” என்று கேட்டாள். மதியச் சாப்பாடு தயாரா என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, சோற்றுப் பானையைத் திறந்து காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கூரையைக் காட்டினாள்; மழைக்குத் தயாரா என்பதுதான் கேள்வி. அந்த வருடம் எங்கள் தகரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது.

அதை அடைத்தவள் மைமூன் அக்கா. எங்களுக்குக் கீழ்வீடு. கல்லியிலிருந்து, அதாவது எங்கள் சந்திலிருந்து, ஒரு செங்குத்தான இரும்பு ஏணி ஏறும். ஏணி முடிகிற இடத்தில் எங்கள் கதவு. ஏணி ஊன்றி நிற்கிற இடத்தில் அவர்கள் கதவு. அவளுடைய வீட்டுக்காரர் காதர் அண்ணன் தோல்பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். பட்டறையில் வெட்டி மிஞ்சிய ரெக்ஸின் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, அக்கா வருடாவருடம் மே மாதம் மேலே கொண்டுவருவாள். “மேக்கூரை ஒழுவுனா கீக்கூரை மட்டும் காஞ்சா கெடக்கும்? நீட்டுப்புள்ள கைய” என்பாள். நாங்கள் இருவரும் தகரத்தின்மேல் உட்கார்ந்து தாரை ஊற்றி ஒட்டுவோம். அவளுடைய ஊருக்கும் என் ஊருக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஊரிலேயே இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் அவளைப் பார்த்திருக்க மாட்டேன். நாங்கள் ஒரே சாதியாய் ஒரே கோயிலைச் சுற்றிக் கட்டிய தெருவில் இருப்பவர்கள். அவர்கள் பள்ளிவாசலைச் சுற்றி. இங்கே வந்து ஒரே ஏணியின் இரண்டு முனையில் இருக்கிறோம். முன்பு கல்லியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கோபர்கைரனே, காட்கோபர் என்று போய்விட்டன. வீட்டு வாசலைத் தாண்டினால் இந்தக் கல்லியில் என் பேச்சில் என்னைக் கூப்பிடுகிற குரல் அவளுடையது ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கோபம் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு காதர் அண்ணனுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பட்டறையை விட்டார்கள். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்கே இரண்டு ஆள் வேண்டும். அதே சமயத்தில்தான் என் வீட்டுக்காரரின் அக்கா, ரோஸ் மைனி, ஊரிலிருந்து எங்களோடு இருக்க வந்தாள். மைனி கெட்டவள் இல்லை. புருஷன் போனபிறகு ஜெபமே பிடிமானம் என்று இருக்கிறவள். வந்த ஆறு மாதத்தில் எங்கள் அன்பியத்துக்கு, தாராவி முழுதும் சிதறிக்கிடந்து வாரம் ஒரு வீடாகக் கூடி ஜெபிக்கிற பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்களுக்கு, அவளே தலைவி ஆகிவிட்டாள்.

போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில், செம்பூரில் ஒரு வாடகைக் கூடத்தில் மூன்று நாள் தியானம் நடந்தது. பிரசங்கியார் தெற்கிலிருந்து வந்தவர், பெயரைச் சொல்லப்போவதில்லை. சோதனைக் காலம் நெருங்கிவிட்டது, ஆயத்தமாய் இருங்கள் என்று அழுது பேசினார். உலகமே மூன்று நாள் இருட்டாகுமாம். மந்திரித்த தேன்மெழுகுத் திரி மட்டும்தான் எரியுமாம். அரிசியும் தண்ணீரும் சேர்த்துவைக்க வேண்டும், ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்ட வேண்டும். கதவைத் தாழிட்ட பிறகு யார் வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது. ஏனென்றால் பேய்தான் தெரிந்தவர்களின் குரலில் வந்து கூப்பிடும். மணமகனுக்காகக் காத்திருந்தவர்களில் விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்த ஐந்து பேர் உள்ளே போக, வைத்திராத ஐந்து பேர் வெளியே நின்றுவிடுகிற பத்துக் கன்னியர் உவமையைச் சொல்லி, “கதவு அடைக்கப்பட்டது, கதவு அடைக்கப்பட்டது” என்று மேசையைத் தட்டினார். கூடமே நடுங்கியது. நானும் நடுங்கினேன். மறைக்கவில்லை. வாசலில் துண்டுத்தாளும் திரியும் இருந்தன. மைனி பன்னிரண்டு திரி வாங்கி, பிரசங்கியாரிடம் கொடுத்து மந்திரித்து, பிஸ்கட் டப்பாவில் வைத்தாள்.

எங்கள் பங்குச் சாமியிடம் நான் ஒருநாள் பயந்து பயந்து கேட்டேன். “அது திருச்சபை போதனை இல்லம்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அழுதுகொண்டு சொன்னவரை எல்லாரும் நம்பினார்கள். சிரித்துக்கொண்டு சொன்னவரை ஒருவரும் நம்பவில்லை. அந்தச் சிரிப்பின்மேலும் எனக்குக் கோபம் உண்டு. பீடத்தில் நின்று ஒருமுறை உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஆடி மாதத்தில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. கடல் ஏறுகிற நேரமும் மழையும் ஒன்றாக வந்தால் எங்கள் கல்லியில் சாக்கடை திரும்பி வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரர் செம்பூரில் ஒரு கம்பெனிக் கேன்டீனில் வேலை பார்க்கிறார். ரயில் நின்றுபோனதால் அங்கேயே தங்கிவிட்டார். மதியம் மூன்று மணி இருக்கும், கரண்ட் போனது. வானம் அப்படியொரு கறுப்பு. ஜன்னலில் மைனி ஒட்டிய கறுப்புத்தாள் வேறு. பக்கத்தில் இருக்கிற கை தெரியவில்லை. மைனி டப்பாவைத் திறந்து ஒரு திரியைக் கொளுத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். “ஜெசிந்தா, முழங்கால்ல நில்லு” என்றாள். ஜெபமாலை தொடங்கினோம்.

இரண்டாம் தேவரகசியத்தில், அதாவது ஜெபமாலையின் இரண்டாவது பத்து மணிகளில், ஏணி சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டுகிற சத்தம்.

“ஜெசி... ஏ ஜெசி. கதவத் தொற புள்ள. அவிய கட்டிலுக்குத் தண்ணி ஏறிட்டுது. மேல ஏத்தணும், ஒரு கை புடி.”

நான் எழுந்தேன். மைனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்ச கொரல்லதான் கூப்பிடும்னு சொன்னாவல்லா?”

“மைனி, இது மைமூன் அக்கா.”

“அப்படித்தாம்ட்டி தோணும். அப்படித் தோணத்தான் செய்யும். அருள்நெறஞ்ச மரியே சொல்லு.”

சொன்னேன். இதைத்தான் இத்தனை தூரம் சுற்றிவந்து எழுதுகிறேன். அது மைமூன் அக்கா என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நொடிகூடப் பேய் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் முழங்காலில் நின்றேன். மைனிக்குப் பயந்தேனா, பிரசங்கியாருக்குப் பயந்தேனா, எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத என் வாய்க்கே பயந்தேனா, தெரியாது. ஒரு பத்துமணி, பத்து அருள்நிறைந்த மரியே, சொல்லி முடிகிற நேரம் அவள் வெளியே மழையில் நின்றாள். இடையில் இன்னும் ஒருமுறை தட்டினாள். மூன்றாவது முறை தட்டவில்லை. ஏணியில் ஒவ்வொரு கம்பியாக இறங்குகிற சத்தம் கேட்டது. கீழே அவள், “தாய், ஓ தாய்” என்று கூப்பிடுவதும், எதிர்க்கதவு திறப்பதும் கேட்டது.

அப்புறம்தான் நான் மைனியின் கையை உதறிவிட்டுத் திறந்தேன். கீழே முட்டளவு கறுப்புத் தண்ணீர். சுனந்தா தாயின் இரண்டு மகன்களும் பிளாஸ்டிக் நாற்காலியோடு காதர் அண்ணனைத் தூக்கி, எதிர்வீட்டுப் பரணுக்குக் கொண்டுபோகிறார்கள். தாய் தன் சேலைத்தலைப்பை அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வருகிறாள். மல்லாந்த நிலையில் அவர் முகம் மேலே பார்த்தபடி இருந்தது. மேலே திறந்துகிடந்தது எங்கள் கதவு. நான் இறங்கி ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. தாய் வீட்டு வாசலில் என் கையில் ஒரு துண்டைக் கொடுத்துத் காதர் அண்ணனைத் துவட்டச் சொன்னாள். துவட்டினேன்.

தண்ணீரில் ஊறிய மெத்தையில் அதிக நேரம் கிடந்ததால் காதர் அண்ணனுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. முதல் நான்கு நாள் மூக்கில் குழாய். பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்பு கொஞ்சம் குழறிப் பேசியவருக்கு இப்போது அந்தப் பேச்சும் இல்லை. எங்கள் கதவு முதல் தட்டலிலேயே திறந்திருந்தால் அந்தப் பேச்சு மிஞ்சியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மைமூன் அக்கா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் வழக்கம்போல, “ஜெசி, தண்ணி வருது” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். ஒவ்வொரு காலையும் குடத்தை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்குவேன். சந்தைக்குப் போகும்போது கூடவே போனேன், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ஒருவேளை நாங்கள் உள்ளே இல்லை, மாதுங்கா கோயிலுக்குப் போய்விட்டோம் என்று அவள் நினைத்திருக்கலாம். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கோழை ஆசை.

ஊரிலிருந்து தம்பி போனில், “அங்க வெள்ளமாமே, நீங்க ஆயத்தமா இருந்தியளாக்கும்?” என்று கேட்டான். ஆயத்தமாகத்தான் இருந்தோம். அரிசி இருந்தது, தண்ணீர் இருந்தது, மந்திரித்த திரி இருந்தது. தலைக்குமேல் ஒழுகாத கூரையும் இருந்தது. அந்தக் கூரையில் ஒட்டியிருந்தது காதர் அண்ணனின் ரெக்ஸின்.

அதன்பிறகு நான் வேதாகமத்தை எடுத்து, பயத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுப் படித்தேன். பத்துக் கன்னியர் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கதவு அடைக்கப்பட்டது என்று இருக்கிறது, உண்மை. ஆனால் வீடு மணமகனுடையது. வெளியே நிற்கிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்லுகிறவரும் அவர்தான். எண்ணெய் வைத்திருந்த அந்த ஐந்து பெண்கள் தாழ்ப்பாளைத் தொட்டதாக ஒரு வரியும் இல்லை. நோவா பேழையிலும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் கதவை மூடியவர் ஆண்டவர். அந்த வேலையை அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பிரசங்கியார் மேசையைத் தட்டிச் சொன்ன அந்த உவமைக்குப் பிறகு, அதே அதிகாரத்திலேயே, அன்னியனாய் இருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று ஆண்டவர் சொல்லுகிற பகுதி வருகிறது. பக்கத்தைப் புரட்டினால் போதும். அவர் ஏன் புரட்டவில்லை? மூன்று நாள் பேசியவருக்கு ஒரு பக்கம் புரட்ட நேரம் இல்லையா?

பஞ்ச காலத்தில் ஒரு கைப்பிடி மாவு மட்டும் வைத்திருந்த விதவை, தன் இனம் அல்லாத எலியா தீர்க்கதரிசிக்கு முதல் அப்பம் சுட்டுக் கொடுத்தாள். அவள் வைத்திருந்த ஆயத்தம் அவ்வளவுதான். பழைய ஏற்பாட்டில் ஞானி ஒருவர், ஆண்டவருக்கு ஊழியம் செய்ய வருகிறவன் சோதனைக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று தம் பிள்ளைக்குச் சொல்லுகிறார். தன்னை என்கிறார். டப்பாவை என்று சொல்லவில்லை. சோதனை எங்கள் வீட்டுக்கு வந்தது. இருட்டாக வரவில்லை, மூன்று நாளும் நீடிக்கவில்லை. ஈரச்சேலையோடு ஏணி ஏறி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பிழைக்க வந்த ஊரில், எங்கள் கல்லியில், என் பேச்சில் என்னைக் கூப்பிடுகிற ஒரே குரலைப் பேயின் குரல் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நாங்களும் காணிக்கை போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தோம். அவர் அடுத்த ஊரில் அதையே பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் உங்கள் ஊர்க் கூடத்தில் அவரைக் கேட்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கார்த்திகை மாதத்தில் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. அந்த வாரத்து நற்செய்தி அதே பத்துக் கன்னியர். வாசிக்க வேண்டியது என் முறை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. வாசித்தேன். வாசித்து முடித்ததும் உட்காராமல், மழை அன்று நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். கதவு, திரி, ஒரு பத்துமணி. நடுவில் நிறுத்தவில்லை.

“வந்த எடத்துல என் மானத்த வாங்குதியா?” என்றாள் மைனி. “பத்தாங்கிளாஸ் படிச்சவ வேதத்துக்கு வெளக்கம் சொல்ல வந்துட்டா. எல்லாம் காலக்கொடும.”

“வெளக்கம் சொல்லல மைனி. நடந்ததச் சொல்லுதேன். தாப்பாளப் போட்டது நீங்கன்னாலும் தொறக்காம நின்னது நானுந்தான்.”

“அந்தக் கதவத் தொறக்காததுனாலதான் ஒண்ணும் ஆவாம இருக்கோம்.”

கூட்டத்தில் வயதான தச்சர் ஒருவர், எப்போதும் தூங்கிவழிகிறவர், கண்ணைத் திறந்து, “பத்துப் பேரும்தான தூங்குனாவ. நம்ம மட்டும் முழிச்சிருந்தோம்னு யாரு சொன்னா?” என்றார். எல்லாரும் கடைசி ஜெபத்தை அவசரமாக முடித்துக்கொண்டு, காப்பி குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

நான் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன். பதினொரு முழுத்திரியும் ஒரு பாதித்திரியும் இருந்தன. மைமூன் அக்கா காதர் அண்ணனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். உள்ளேதான் இருந்தோம் அக்கா, உன் குரல்தான் என்று தெரிந்தும் திறக்கவில்லை என்று.

அவள் நகவெட்டியை நிறுத்தவில்லை.

“தெரியும். கதவுக்கடியில வெளிச்சம் தெரிஞ்சுதுல்லா” என்றாள். “ஓதுற சத்தமும் கேட்டுது. சரி, ஜெபம் முடியட்டும்னுதான் நின்னேன்.” அடுத்த விரலைப் பிடித்தாள். “தண்ணி நிக்கலியே.”

 காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் என்ன இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அக்காதான் டப்பாவைப் பார்த்து, “அது என்னத்துக்கு?” என்று கேட்டாள்.

“கரண்டு போனா ஏத்துங்க.”

“மந்திரிச்சதுல்லா? எங்களுக்கு ஆவுமா?”

“மெழுகுதாங்க்கா.”

“வச்சிட்டுப் போ” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. வெளியே வந்தேன். மேலே மைனி கதவைத் தாழிடுகிற சத்தம் கேட்டது. கீழே அக்கா வழக்கம்போலக் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தாள். உள்ளே போகத் துணிவில்லாமலும் மேலே ஏறித் தட்ட மனமில்லாமலும், இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது போல, ஏணியின் பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்துதான் என்னை மேலே கூட்டிப்போனார்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணி நேரம் கரண்ட் போனது. கீழ்வீட்டில் அந்தப் பாதித்திரியைக் கொளுத்திவைத்து, அக்கா காதர் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினாள்.